சாப்ட்வேர் வாங்கும் முன் ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள்

"நம்ம கடைக்கு ஒரு சாப்ட்வேர் வேணும், எவ்வளவு ஆகும்?" சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் எல்லோரிடமும் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. ஜவுளிக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை, டியூஷன் சென்டர் என எது வைத்திருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. முன்பெல்லாம் நானும் ஏதாவது ஒரு தொகையைச் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. "உங்கள் கடைக்குள் ஒரு பொருள் வந்து வெளியே போகும் வரை யார் யார் கைக்குப் போகிறது, யார் எந்த நோட்டில் எழுதுகிறார்கள் என்று ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்" என்கிறேன். பாதிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள். வரைந்து கொண்டு வருபவர்களில் சிலருக்குச் சாப்ட்வேரே தேவைப்படுவதில்லை.

இந்தப் புத்தி எனக்குப் புத்தகம் படித்து வந்ததில்லை. காஞ்சிபுரத்தில் நானே எழுதிக் கொடுத்த ஒரு புரோகிராம் நன்றாக ஓடியும் தோற்றுப் போனபோது வந்தது.

என் தாய்மாமா பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி போட்டிருக்கிறார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மாமா சொல்லி அந்தச் சங்கத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். முகூர்த்த மாதங்களில் விற்பனை நிலையத்தில் கூட்டம் நிற்கிறது, கையால் பில் எழுதி முடியவில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொரு சேலைக்கும் பார்கோடு ஒட்டினோம். பில் இருபது வினாடியில் வந்து விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு ஒரு பொன்னாடை கூடப் போர்த்தினார்கள்.

அன்று மாலை மாமா வீட்டுக்குப் போனால் தறி சும்மா நிற்கிறது. பாவு முடிந்து எட்டு நாள் ஆகிவிட்டதாம், அடுத்த பாவு வரவில்லை. நான் பில் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்ததும் மாமா கேட்டார்: "அதெல்லாம் சரிடா மாப்ளே. உன் கம்ப்யூட்டர் வந்ததால எனக்குப் பாவு ரெண்டு நாள் முன்னாடி கெடைக்குமா?"

தறி பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சேலையின் நீளவாட்டில் ஓடும் இழைகள் பாவு, குறுக்கே நாடாவில் ஓடுவது ஊடை. காஞ்சிபுரத்தில் பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலை நெய்வார்கள். பட்டும் ஜரிகையும் சங்கம் எடை போட்டுக் கொடுக்கும். நெய்து கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. பாவு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் என் போன்றவர்களுக்கு இது உடனே உறைக்காது. எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. "அது வேற டிபார்ட்மென்ட் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் கேள்வி குடைய ஆரம்பித்தது.

மேஜைகளுக்கு நடுவில்

அடுத்த வாரம் போய், பாவு கொடுக்கும் மேஜையில் இருந்தவரிடம் ஏன் தாமதம் என்று கேட்டேன். "எந்தக் கலர்ல போடறதுன்னு மேலேருந்து சொல்லல தம்பி. கிடங்குல சரக்கு நிறைஞ்சு கிடக்கு" என்றார். மேலே கேட்டேன். கிடங்கின் இருப்புப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கலர் முடிவு செய்வார்களாம். கிடங்குக்காரரிடம் கேட்டால், கடையிலிருந்து மாதம் ஒருமுறை பட்டியல் வரும், அதைப் பார்த்துத்தான் புத்தகத்தில் கழிப்பாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட சேலை நேற்று எத்தனை விற்றது, எம்.எஸ். புளூ எத்தனை நாளாக அசையாமல் கிடக்கிறது என்பதெல்லாம் நான் எழுதிய புரோகிராமுக்கு இருபது வினாடியில் தெரியும். அந்தச் செய்தி கடையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் மாதக் கடைசி வரை தூங்குகிறது. அதுவரை விற்காத கலரிலேயே பாவு போடுகிறார்கள். கிடங்கு நிறைந்ததும் பாவு கொடுப்பதையே நிறுத்துகிறார்கள். மாமாவின் தறி நிற்கிறது. நான் பில் போடும் மேஜையை வேகப்படுத்தியிருந்தேன். தாமதம் இருந்ததோ மேஜைகளுக்கு நடுவில்.

இப்படி மேஜைகளுக்கு நடுவே பார்க்கும் வேலைக்கு எங்கள் துறையில் ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்: என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். வீடு கட்டும் முன் பிளான் போடுகிறோம் அல்லவா? எது சமையலறை, தண்ணீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாக வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்தால்தான் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் ஒருவர் வேலையை ஒருவர் உடைக்காமல் இருப்பார்கள். ஒரு நிறுவனத்துக்கும் அதேபோல் ஒரு பிளான் போடுவதுதான் இது. வேலை எப்படி நடக்கிறது, அதற்கு என்னென்ன தகவல் வேண்டும், அந்தத் தகவலை எந்த சாப்ட்வேர் வைத்திருக்கிறது, அது எந்த மெஷினில் ஓடுகிறது. 1995இல் வெளிவந்த டோகாப் என்ற முறை ஏறக்குறைய இந்த நான்கு அடுக்குகளாகத்தான் பிரிக்கிறது. இந்திய அரசும் 2018இல் தன் துறைகளுக்காக 'இண்டியா' என்று உச்சரிக்கும்படி ஒரு சுருக்கப் பெயர் வைத்து இப்படி ஒரு வரையறையை வெளியிட்டது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜான் ஜாக்மன். 1987இல் அந்த நிறுவனத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரையில், எந்த நிறுவனத்தையும் சில கேள்விகளைக் கொண்டு கட்டம் கட்டமாக வரைந்துவிடலாம் என்றார். முதலில் அவர் வைத்த கேள்விகள் மூன்று: என்ன, எப்படி, எங்கே. 1992இல் ஜான் சோவா என்பவருடன் சேர்ந்து எழுதியபோதுதான் யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் சேர்ந்தன. 'யார்' என்ற கேள்வி ஐந்து வருடம் கழித்து வந்தது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் மட்டும் மேஜைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் மூடிவிடாது என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரயில் ரிசர்வேஷன். 1980களின் நடுவில் டில்லியில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் தொடங்கியது. அப்புறம் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து பெரிய மையங்கள் உருவாயின. ஒவ்வொரு மையத்துக்கும் தனித்தனி டேட்டாபேஸ். சென்னை சென்ட்ரலில் நின்றுகொண்டு இன்னொரு மையத்தின் பொறுப்பில் இருக்கும் வண்டிக்கு நினைத்தபடி டிக்கெட் எடுக்க முடியாது. 'கான்செர்ட்' என்ற அமைப்பின் கீழ் ஐந்தையும் ஒரே வலையாக இணைத்து முடித்தது 1999இல். கவுன்ட்டரில் இருந்த கம்ப்யூட்டர் 1999க்கு முன்பும் வேகமாகத்தான் இருந்தது. ஐந்து தீவுகளையும் ஒன்றாகப் பார்க்கும்படி திட்டம் போட்ட பிறகுதான் நமக்குத் திரும்பி வரும் டிக்கெட் எளிதாகக் கிடைத்தது.

எடை என்றால் எந்த எடை?

சங்கத்துக்குத் திரும்புவோம். செயலாளரிடம் அனுமதி வாங்கி, நான்கு சார்ட் பேப்பரைச் சுவரில் ஒட்டி, ஒரு சேலை பட்டு நூலாக வருவதிலிருந்து கடையில் பில் ஆகிப் போவது வரை வரைய ஆரம்பித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரே சேலையைப் பற்றிப் பதினோரு இடத்தில் எழுதுகிறார்கள். அதில் நான் முதலில் மாட்டிக்கொண்ட சொல் 'எடை'.

பட்டு நூலின் மேல் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சாயம் ஏறுவதற்காக அதை சோப்பு நீரில் வேகவைத்து நீக்குவார்கள். நூறு கிராம் பட்டில் இருபது, இருபத்தைந்து கிராம் அந்தப் பசையாகவே போய்விடும். நூல் வாங்கும் மேஜை எழுதும் எடை பசையோடு. சாயப் பட்டறையிலிருந்து வந்ததும் எழுதும் எடை பசை இல்லாமல். சேலையாக வந்ததும் போடும் எடையில் ஜரிகையும் சேர்ந்திருக்கும். போதாததற்குப் பட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் போடும் எடையும் சித்திரை வெயிலில் போடும் எடையும் ஒன்றாக இருக்காது. ஜரிகையை வாங்குவது மார்க் கணக்கில் (ஒரு மார்க் ஏறக்குறைய 240 கிராம்), கொடுப்பது கிராம் கணக்கில். இத்தனைக்கும் எல்லா நோட்டிலும் தலைப்பு ஒன்றுதான்: எடை.

நான் முதலில் எழுதிய புரோகிராமின் டேபிளிலும் எடை என்று ஒரே ஒரு பீல்டுதான் வைத்திருந்தேன். கல்லூரியில் டேட்டாபேஸ் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன்தான். இது ஏதோ கணக்குப்பிள்ளைகளின் சின்னத் தகராறு என்று நினைக்காதீர்கள். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் கழிவு போக வித்தியாசம் வந்தால் அது நெசவாளியின் கூலியில் கழியும். கையில் கொடுத்தது இவ்வளவு என்று ஒருவர் சொல்ல, இல்லை இவ்வளவு என்று இன்னொருவர் சொல்ல, இருவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள். இரண்டு பேர் சொன்ன எடையும் வேறு வேறு. கிலோ வெள்ளி 2025இல் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. ஜரிகையில் இருப்பது வெள்ளி. ஐந்து கிராம் தகராறு இப்போது முன்னைவிடப் பெரிய தகராறு.

அடுத்தது எண். பாவு கொடுக்கும்போது பாஸ் புத்தகத்தில் ஒரு எண். சேலை வந்ததும் கிடங்கில் வேறொரு எண். கடைக்குப் போனதும் நான் ஒட்டிய பார்கோடு, அது மூன்றாவது எண். மூன்றுக்கும் தொடர்பு ஒரு பெரியவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. வாங்கிப் போனவர் பார்டரில் சாயம் இறங்குகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தால், எந்தச் சாயத் தொட்டி என்று யாருக்கும் தெரியாது. யாராவது ஒருவர் தலையில் விழும். பெரும்பாலும் நெய்தவர் தலையில்.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள், நானும்தான். ஆனால் ஒரு சேலையைக் காட்டி இது இந்த ஊரில் இந்தத் தறியில் நெய்தது என்று நிரூபிக்க முதலில் அதன் எண் தறி வரை பின்னால் போக வேண்டும். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், 2010களில் சில சேலைகளோடு அதை நெய்தவரின் படம் போட்ட அட்டையை வைத்து விற்றது. பார்ப்பவர்களுக்கு அது விளம்பரம். எனக்கு அதில் தெரிவது, அந்த அட்டைக்குப் பின்னால் யாரோ நோட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான். படத்தை அச்சடிப்பது எளிது, எந்தச் சேலையோடு யார் படத்தை வைப்பது என்பதுதான் வேலை.

யார் என்ற கட்டம்

இப்போது ஜாக்மனுக்கு ஐந்து வருடம் கழித்து வந்த கேள்வி. சார்ட் பேப்பரில் 'நெய்பவர்' என்று ஒரு கட்டம் போட்டு மாமா பெயரை எழுதினேன். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். (சார்ட்டைச் சரிபார்க்க மாமா வீட்டுக்கும் எடுத்துப் போயிருந்தேன்.) ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் கேட்டார்: "கோர்வை சேலை ஒத்த ஆளு நெய்ய முடியுமாப்பா?"

முடியாது. உடல் ஒரு நிறம், இரண்டு பக்கமும் பார்டர் வேறு நிறம் என்று கோர்த்து நெய்வது கோர்வை. மூன்று நாடா வேண்டும். ஒருவர் நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்து பார்டர் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். காஞ்சிபுரம் என்றாலே அந்தப் பார்டர்தான். மாமா வீட்டில் அந்த இரண்டாவது ஆள் இருபது வருடமாக அத்தை. பதினோரு நோட்டில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு அடையாள அட்டை எப்படிக் கிடைக்கும், நெசவாளர்களுக்கென்று வரும் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பார்கள்?

இதில் கம்ப்யூட்டரின் தப்பு ஒன்றும் இல்லை. நோட்டில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. நோட்டைப் பார்த்து டேபிள் போட்ட என்னைப் போன்றவர்கள் அந்த ஒரே இடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் ஏற்றினோம். நோட்டாக இருந்தால் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் இன்னொரு பெயரை எழுதி வைக்கவாவது முடியும். சாப்ட்வேரில் ஓரம் கிடையாது. அவசரப்பட்டுக் கம்ப்யூட்டர்மயமாக்கினால் பழைய விடுதல்கள் எல்லாம் கெட்டியாகிவிடும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு எதிர் வாதம் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் மைக்கேல் ஹேமர் 1990இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் ரொம்பப் பிரபலம். பழைய வேலை முறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள், அதை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாக யோசியுங்கள் என்பது அவர் கட்சி. முதல் பாதியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில்தான் சிக்கல். சார்ட் பேப்பரைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. பதினோரு நோட்டு எதற்கு, பாஸ் புத்தகம் எதற்கு, எல்லாவற்றையும் தூக்கிவிட்டு மொபைலில் எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடலாமே என்றேன். மாமா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அந்தப் புக்கு ஒண்ணுதான்டா என் வீட்டுல இருக்கு. மத்த கணக்கு எல்லாம் அவங்ககிட்ட இருக்கு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. சங்கத்தின் பிளானில் அது தேவையில்லாத பன்னிரண்டாவது பிரதி. அவருடைய பிளானில் அது ஒன்றுதான் சாட்சி. சர்வரில் ஒரு எண்ணை மாற்றினால் மாற்றியது அவருக்குத் தெரியாது, பாஸ் புத்தகத்தில் அடித்து எழுதினால் தெரியும். அதனால் பாஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டோம். கம்ப்யூட்டரில் பதிவானது எதுவோ அதையே சின்ன பிரிண்டரில் எடுத்துப் புத்தகத்தில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு நூற்றுக்கணக்கில் படம் வரைந்தோம். வரைந்து முடித்தபோது நாங்கள் வரைந்த டிபார்ட்மென்ட்டையே இன்னொன்றுடன் சேர்த்துவிட்டார்கள். படங்கள் அழகாக பைண்டு ஆகி அலமாரிக்குப் போயின. ஏ.சி. அறையில் உட்கார்ந்து மேனேஜர்களை மட்டும் கேட்டு வரையும் பிளானில் இதுதான் நடக்கும். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று மேனேஜருக்குத் தெரியும். எப்படி நடக்கிறது என்பது பாவு கொடுக்கும் மேஜைக்காரருக்கும், அதை வாங்கிக்கொண்டு சைக்கிளில் போகிறவருக்கும்தான் தெரியும்.

சரி, வீட்டிலோ சின்னக் கடையிலோ கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இது எதற்கு? வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்பவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஒரே சேலையின் போட்டோவை மூன்று குரூப்பில் போட்டு, இரண்டு பேர் பணம் அனுப்பிவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று முழித்தவர்கள் கையைத் தூக்குங்கள். இதுவும் மாமாவின் பாவுக் கதைதான், அளவுதான் சின்னது. சேலை விற்றுப்போனது என்ற செய்தி ஒரு குரூப்பில் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் போகவில்லை. இதற்கு மாதச் சந்தா கட்டும் சாப்ட்வேர் வாங்க ஓடாதீர்கள். எக்ஸெலில் ஒரே ஒரு ஷீட், சேலைக்கு ஒரு எண், போட்டோவிலும் அதே எண், 'யாருக்கு, எப்போது' என்று இரண்டு காலம். பணம் வந்ததும் முதலில் அந்த ஷீட், அப்புறம்தான் பதில் மெசேஜ் என்று வீட்டில் இருக்கும் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் போதும். அந்த ஒப்பந்தம்தான் உங்கள் ஆர்க்கிடெக்சர். ஷீட்டைவிட அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்.

கொஞ்சம் பெரிய கடை என்றால் வரைந்து பார்க்கலாம். பேப்பரும் பென்சிலும்தான் முதலில் நல்லது, அழிக்கச் சங்கடப்பட மாட்டீர்கள். கம்ப்யூட்டரில்தான் வேண்டும் என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள டிரா போதும். பிரௌசரிலேயே வரைய டயகிராம்ஸ் டாட் நெட் இருக்கிறது. இதற்கென்றே உள்ள குறியீடுகளோடு முறையாக வரைய ஆர்ச்சி என்ற புரோகிராம் இருக்கிறது. மூன்றும் இலவசம். ஆர்ச்சியில் குறியீடுகள் நிறைய, முதல் தடவையே அதில் இறங்கினால் கடையை விட்டுவிட்டுக் குறியீட்டைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வரையும்போது ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு இடத்தில் எழுதும் இடம் வந்தால் சிவப்பில் வட்டம் போடுங்கள், இரண்டும் முரண்பட்டால் யாருடையது செல்லும் என்று அங்கேயே கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கடையில் சண்டை வரும். வரட்டும், சாப்ட்வேருக்குப் பணம் கட்டிய பிறகு வருவதைவிட இப்போது வருவது மலிவு.

சங்கத்தில் அதற்குப் பிறகு நான் எழுதிய புரோகிராம் முதலில் எழுதியதைவிடச் சின்னது. பாவு கொடுக்கும்போதே மூன்று சேலைக்கும் மூன்று எண் போட்டுவிடுகிறோம், கடைசி வரை அந்த எண்தான். எடை நான்கு பீல்டாகப் பிரிந்தது, ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர். சனிக்கிழமை மாலை கடையிலிருந்து எந்தக் கலர் போனது, எந்தக் கலர் நிற்கிறது என்று ஒரு பக்கம் அச்சாகிப் பாவு கொடுக்கும் மேஜைக்குப் போகிறது. பிரிண்டரில் மை தீர்ந்த வாரம் கையால் எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகவே நடந்தது.

மாமாவுக்கு முன்பு பத்து நாள் வரை ஆகும் காத்திருப்பு இந்த வருடம் நாலைந்து நாளில் முடிந்தது. முழுக்க என் வேலை என்று சொல்ல மாட்டேன், இந்த வருடம் முகூர்த்தங்களும் நிறைய. நெய்பவர் என்ற கட்டத்தில் இரண்டாவது பெயருக்கு இடம் விட்டாயிற்று. அதில் பெயர் ஏற ஒரு தீர்மானம் போட வேண்டுமாம். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை பாஸ் புத்தகத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலி இடம் எனக்கா?" என்று கேட்டார்.